கடைக்கு முன் காகிதம்

கோவை வேலையை விட்டுவிட்டுக் கிளென்மார்கனுக்கே வந்த பேரன், "தாத்தா, நம்ம ஊர்த் தேயிலையை ஆன்லைனில் விற்கப் போகிறேன்" என்றான். முதலுக்குக் கேட்டது என் ஓய்வுக்காலச் சேமிப்பை. கடைப் பெயர் தயார், இணையதளமும் தயார். மற்றது ஒன்றும் இல்லை.

குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? வெள்ளைத்தாளில் பட்டியல் போட்டேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண். வெளிமாநிலத்துக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு. வாடகை வீடு என்பதால் உரிமையாளரின் சம்மதக் கடிதம். பொட்டலத்தின் மேல் நிகர எடை, விலை, பேக் செய்த மாதம், புகார் சொல்ல முகவரி.

பிறகு அவன் ஆசையாக வாங்கி வந்த காகிதப் பையில் கால் கிலோ தூளைப் போட்டு ஜன்னலோரம் வைக்கச் சொன்னேன். எங்கள் ஊர்ப் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து போகும். தேயிலையோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பத்தே நாளில் தூள் நமத்துவிட்டது.

"இது டெல்லிக்குப் போயிருந்தால்?" என்றேன். பதில் இல்லை. மறுநாளே உள்ளே அலுமினியத்தாள் வைத்த பைகளை விசாரிக்க ஆரம்பித்தான்.

பாதிப் பணம் கொடுத்திருக்கிறேன். முதல் நூறு பொட்டலம் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததும் மீதி. அவன் பாட்டி இருந்திருந்தால் முழுவதையும் கொடுத்திருப்பாள். பட்டியலை மட்டும் என்னையே எழுதச் சொல்லியிருப்பாள்.