கதவைத் தூக்கித் திறந்த கை

 

உங்கள் வீட்டிலும் சத்தம் போடும் கதவு ஒன்று கட்டாயம் இருக்கும். அது குசினிக் கதவாக இருக்கலாம், அலுமாரிக் கதவாக இருக்கலாம், வாசல் கேற்றாகவும் இருக்கலாம். கேட்டுக் கேட்டு அந்தச் சத்தம் உங்களுக்குப் பழகிப் போயிருக்கும். எங்களுக்கும் அப்படித்தான் பழகியிருந்தது. மௌலவி ஒருவர் கதவுக்கு எண்ணெய் விட்ட கதையையா எழுத வந்தார் என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டு வாசியுங்கள். இதில் எனக்கு ஒரு வெட்கமும் உண்டு, ஒரு சந்தோஷமும் உண்டு.

நாங்கள் இருப்பது திருகோணமலை நகரத்தில், என் மனைவியின் வீட்டில். எங்கள் பகுதி வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாமனார் கட்டித் தந்த வீடு அது. நல்ல பலகையில் செய்த கனமான கதவுகள். ஆனால் நகரத்தின் ஒரு பக்கம் டச்பே, மறுபக்கம் உட்துறைமுகம். வாடைக்காற்று அடித்தாலும் உப்பு, கச்சான் அடித்தாலும் உப்பு. இங்கே இரும்பு என்று எதை வைத்தாலும் அது கறள் பிடிக்கும். பிணைச்சல்களுக்கு மட்டும் விதிவிலக்கு இருக்குமா?

என் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமல் போனபோது, அவரை எங்களோடு கூட்டி வந்தோம். எங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டோம். இரவில் இரண்டு மூன்று தரம் எழும்பிப் போய் உம்மாவைப் பக்கம் மாற்றிக் கிடத்த வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும், துணி மாற்ற வேண்டும். இதையெல்லாம் என் மனைவிதான் பார்த்தார். நான் பகலில் மத்ரஸாவில் பாடம் நடத்துகிறவன், ஸுபஹுக்கு முன் எழும்ப வேண்டியவன் என்று எனக்கு அந்த வேலையை அவர் விட்டு வைக்கவில்லை. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். இப்படி மூன்று வருடம் போனது.

ஒரு தடவை மனைவியின் தங்கைக்குப் பிள்ளைப்பேறு. மனைவி நான்கு நாள் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். உம்மாவை நான் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு.

முதல் இரவு இரண்டு மணிக்கு எழும்பி உம்மாவின் அறைக் கதவைத் தள்ளினேன். ‘கிறீ...ச்’ என்று ஒரு சத்தம். உம்மா திடுக்கிட்டு முழித்து, “ஆரு? ஆரு?” என்று பயந்து கேட்டார். அதன் பிறகு அவருக்குத் தூக்கம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அடுத்த இரவு மிகவும் கவனமாக, மெல்ல மெல்லத் தள்ளினேன். சத்தம் இன்னும் நீளமாக வந்தது. உம்மா மறுபடியும் முழித்துக்கொண்டார்.

“மருமகள் வந்தா கதவு சத்தம் போடாதே. நீ ஏன் வாப்பா இப்பிடித் திறக்கிறாய்?” என்று கேட்டார்.

காலையில் மனைவிக்கு டெலிபோன் எடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

“கதவச் சும்மா தள்ளப்படாது. பிடியப் பிடிச்சு மேலுக்குத் தூக்கோணும். தூக்கின மாதிரியே தள்ளோணும். அப்ப சத்தம் வராது” என்றார்.

“எவ்வளவு நாளா இப்பிடித் தூக்கித் திறக்கிறது?”

“மாமி வந்த நாள்ளருந்துதான்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“ரெண்டு தரம் சொன்னேன். பாப்பம் எண்டீங்க.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரவுக்கு இரண்டு தரம் என்று வைத்தாலும் மூன்று வருடத்தில் இரண்டாயிரம் தரத்துக்கும் மேல். அந்தக் கனமான கதவை ஒரு பெண், தூக்கக் கலக்கத்தில், மற்றவர் தூக்கம் கெடக்கூடாது என்று தூக்கிப் பிடித்துத் திறந்திருக்கிறார். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதன் சிறப்பைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் பாடம் நடத்துகிறவன் நான். என் வீட்டுக்குள் கிடந்த தொல்லை என் காதில் விழவில்லை.

அன்று அஸர் தொழுதுவிட்டு நேரே வந்து, மனைவியின் தையல் மெஷின் லாச்சியைத் திறந்தேன். சின்னக் குப்பியில் மெஷின் எண்ணெய் இருந்தது. அதை எடுத்து ஊற்றப் போனபோது பக்கத்து வீட்டுத் தச்சுவேலைக் காக்கா வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டு, “மௌலவி, கறளுக்கு மேல எண்ணெய் விட்டா ரெண்டு கிழமைதான். முதல்ல கறள எடுங்க” என்றார். அவர் சொல்லித் தந்தபடியே செய்தேன். உங்களுக்கும் அதை அப்படியே சொல்கிறேன்.

கதவு ஆடாமல் இருக்க அடியில் ஒரு பலகைத் துண்டைச் செருகிக்கொள்ளுங்கள். பிணைச்சலின் நடுவில் மேலிருந்து கீழாக ஓர் ஆணி இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பிணைச்சலை மட்டும் கழற்ற வேண்டும். கீழிருந்து ஒரு பழைய ஆணியை வைத்து மெதுவாகத் தட்டினால் நடு ஆணி மேலே எழும்பும். அதை உருவி எடுத்து மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடையுங்கள். கறள் கெட்டியாக இருந்தால் அரத்தாளால் தேயுங்கள். ஆணி இருந்த குழலுக்குள்ளும் துணியைத் திரித்து விட்டுத் துடையுங்கள். பிறகு ஆணியில் கொஞ்சம் கிரீஸ் பூசியோ மெஷின் எண்ணெய் தடவியோ திரும்பச் செருகுங்கள். கதவைப் பத்துத் தரம் திறந்து மூடிவிட்டு, வெளியே வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். துடைக்காவிட்டால் தூசி சேர்ந்து கறுப்பாக வடியும். ஆணி கழலாத பிணைச்சல் என்றால், மேல் விளிம்பில் இரண்டு துளி விட்டு ஆட்டிக் கொடுத்தாலும் போதும்.

எங்கள் கதவில் ஆணி உருவி வந்தபோது அது சிவந்து, மெலிந்து, சுரண்டிப் போயிருந்தது. துடைத்து, பூசி, திரும்பச் செருகினேன். கதவை ஒரு விரலால் தள்ளினேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி இழுத்தேன். இல்லை. சகோதரிகளே, அந்த நேரத்துச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பெரிய வேலைகளின் பலன் கண்ணுக்குத் தெரிய வருடங்கள் எடுக்கும். இந்த வேலையின் பலன் அந்த நிமிடமே காதுக்குத் தெரிந்தது. அந்த உற்சாகத்தில் குசினிக் கதவு, அலுமாரி, ஜன்னல்கள், கேற் என்று மஃரிப் வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. மகள் பின்னால் குப்பியைத் தூக்கிக்கொண்டு வந்து எண்ணினாள். பதினொரு பிணைச்சல்.

கதவு ஏன் சத்தம் போடுகிறது என்று பிறகு தேடி வாசித்தேன். பிணைச்சலின் மேல் குழல் கீழ்க் குழலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கதவின் பாரம் முழுவதும் அங்கேதான். எண்ணெய்ப் பசை காய்ந்து கறளும் ஏறினால் இரும்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். தள்ளும்போது ஒட்டும், வழுக்கும், மறுபடி ஒட்டும், மறுபடி வழுக்கும். ஒரு நொடியில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கிறது. அந்த அதிர்வைக் கதவுப் பலகை பெரிதாக்கிக் காட்டுகிறது. வயலின் கம்பி வில்லில் ஒலிப்பதும் இதே முறையில்தான். அறபியில் கதவு கிறீச்சிடுவதற்கும் எழுதுகோல் தாளில் உரசுவதற்கும் ‘ஸரீர்’ என்று ஒரே சொல்லைச் சொல்வார்கள். இதைப் படித்தபோதுதான் அந்தச் சொல்லின் பொருத்தம் விளங்கியது.

மனைவியின் உபாயமும் அப்போதுதான் விளங்கியது. பிடியைத் தூக்கும்போது ஒரு குழல் மேல் மற்றது அழுத்தும் பாரம் குறைகிறது. பாரம் குறைந்தால் ஒட்டுவதும் குறையும். பிணைச்சல் தாங்க வேண்டிய பாரத்தை மூன்று வருடம் அவருடைய கை தாங்கியிருக்கிறது.

எகிப்தில் தெஹூதிஹோதெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் ஏறக்குறைய 3,900 வருடங்களுக்கு முந்திய ஓவியம் ஒன்று உண்டு. பிரம்மாண்டமான சிலையைச் சறுக்குப் பலகையில் ஏற்றி, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஒருவர் மட்டும் சிலையின் காலடியில் நின்று பாதையில் எதையோ ஊற்றுகிறார். மணலை அளவாக நனைத்தால் இழுக்கும் பலத்தில் பாதி போதும் என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பரிசோதித்துக் காட்டினார்கள். குடும்பத்திலும் இழுக்கிறவர் இருக்கிறார். ஊற்ற வேண்டியவர் நான். ஊற்றாமல் தூங்கியிருக்கிறேன்.

எங்கள் ஊருக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவை நினைத்தால் இன்னும் வெட்கம். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் காலத்து எண்ணெய்த் தாங்கிகள் நூறளவில் காட்டுக்குள் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இந்தத் துறைமுகத்தைத் தாக்கின. இப்போது அங்கே வாகன, இயந்திர எண்ணெய் கலக்கும் ஆலையும் இருக்கிறது. இத்தனை எண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, என் வீட்டுக் கதவு ஒரு துளிக்காக மூன்று வருடம் கத்தியிருக்கிறது!

எந்த எண்ணெய் என்று கேட்பீர்கள். தேங்காயெண்ணெய் அவசரத்துக்கு உதவும். நாள் போகத் தூசி பிடித்துக் களிம்பாகும், எறும்பும் வரும். தையல் மெஷின் எண்ணெய் நல்லது. மழை படும் கேற்றுக்குக் கிரீஸ் நல்லது. கடையில் விற்கும் டபிள்யூ டி 40 என்ற தெளிப்பான் 1953இல் அமெரிக்காவில் உருவானது. ஈரத்தை விரட்டும் மருந்து, நாற்பதாவது முயற்சி என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். இறுகிய கறளை இளக்க அது நல்லது. அதன் பிறகு எண்ணெயோ கிரீஸோ பூசினால் நீண்ட நாள் நிற்கும். பூட்டுக்குள் எண்ணெய் விடாதீர்கள், பென்சில் கரித்தூளைத் திறப்பில் தடவிப் போடுங்கள். மாரி காலத்தில் கதவு இறுகினால் அது பலகை ஊதியதால் வருவது, பிணைச்சலில் பிழை இல்லை. உரசும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேய்த்தால் போதும்.

நான்காம் நாள் மனைவி கிண்ணியாவிலிருந்து வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு அவர் எழும்பிப் போவதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வழமைபோல் பிடியைப் பிடித்துத் தூக்கித் தள்ளினார். கதவு அவர் நினைத்ததைவிட இலகுவாக ஓட, அவரும் அதோடு ஓரடி உள்ளே போய்விட்டார். அப்படியே நின்றார். பிறகு தூக்காமல், ஒரு விரலால் கதவை இழுத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். மறுபடி இழுத்தார். உம்மா முழிக்கவில்லை.

திரும்பி வந்து படுக்கும்போது, “இப்பதான் பாத்தீங்களாக்கும்” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் உம்மா எங்களோடு இருந்தார்கள். அந்த எட்டு மாதமும் இரவில் ஒரு தரம் நானும் எழும்பிப் போனேன். உம்மா மௌத்தாகி இப்போது இரண்டு வருடம் ஆகிறது. அந்த அறையில் மகள் படிக்கிறாள். மனைவி அவளுக்குத் தேத்தண்ணீர் கொண்டு போகும்போது பார்க்கிறேன். கதவு சத்தம் போடுவதில்லை. ஆனாலும் அவருடைய கை அதைச் சற்றுத் தூக்கித்தான் திறக்கிறது.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் கதவைத் தூக்கித் திறக்கிறவர் அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள். இரண்டு தரம் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள், மூன்றாம் தரமும் சொல்லுங்கள். அப்படியும் ‘பாப்பம்’ என்று பதில் வந்தால், மெஷின் லாச்சியில் குப்பி இருக்கிறது. கால் மணித்தியால வேலைதான். இந்தப் பக்கத்தை மட்டும் மடித்து அவருடைய தலையணையில் வைத்துவிடுங்கள். வஸ்ஸலாம்.