பச்சையின் பழங்கணக்கு

இலையின் பசுமை இலைக்கே பிறப்புரிமை என்று நாம் எண்ணியிருக்கிறோம். ஆராய்ச்சியாளர் கூறுவது வேறு. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், நீரில் தனித்து வாழ்ந்த நீலப்பசும்பாசியொன்று வேறோர் உயிரணுவினுள் புகுந்து, அழியாது தங்கி, அவ்வீட்டார்க்கு உணவு சமைக்கத் தொடங்கிற்று. அதன் வழிவந்ததே பசுங்கணிகம். 1905-ல் ருஷ்ய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி இதனை எழுதியபோது ஏற்றவர் சிலரே. 1967-ல் லின் மார்குலிஸ் அம்மையார் மீண்டும் வற்புறுத்திய பின்னரே அறிவுலகம் மெல்லச் செவி சாய்த்தது.

குடியேறியது வெறுங்கையோடு வரவில்லை. தன் மரபணுக்களையும் கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கில் இருந்த அவற்றுட் பல, காலப்போக்கில் உயிரணுவின் உட்கருவிற்குச் சென்று சேர்ந்தன, பல மறைந்தன. இன்று நிலத்தாவரங்களின் பசுங்கணிகத்தில் எஞ்சியவை நூற்றுச் சொச்சமே. 1986-ல் ஜப்பானியர் புகையிலையின் பசுங்கணிக ஏட்டை முழுவதும் படித்தனர். அதில் ஏறத்தாழ 1,56,000 எழுத்துகள் இருந்தன.

நம் வீட்டுத் தாழ்வாரத்தில், கரித்துண்டும் தேங்காய் மட்டையும் இட்ட சட்டியில் ஃபலனாப்சிஸ் என்னும் ஆர்க்கிட் வளர்கிறது. அவ்வினத்தைச் சார்ந்த செடியொன்றின் ஏட்டை 2006-ல் தைவான் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். புகையிலையிற் செவ்வனே இருக்கும் 11 மரபணுக்கள் இங்கே சிதைந்தும் தொலைந்தும் கிடந்தன. ஆயினும் செடி பச்சையாகவே தழைக்கிறது!

மேற்கு ஆஸ்திரேலியாவில் 1928-ல் கண்டெடுக்கப்பட்ட ரைசாந்தெல்லா என்னும் ஆர்க்கிட் இன்னும் வியப்பானது. அது மண்ணுக்குள்ளேயே பூக்கிறது. அதற்குப் பச்சை இலையே இல்லை. அருகிலுள்ள புதரின் உணவைப் பூஞ்சையின் வழியாகப் பெற்று வாழ்கிறது. 2011-ல் அதன் ஏட்டைப் படித்தபோது 59,190 எழுத்துகளும் 37 மரபணுக்களுமே இருந்தன. ஒளியைக் கொண்டு உணவாக்கும் மரபணுக்கள் ஒழிந்தன. வேறு இன்றியமையாத தொழில் புரிபவை நின்றன.

காரணம் யாது? எழுத்துப்பிழை எல்லா மரபணுவிலும் நேர்வதே. தேவையான மரபணு பழுதுபட்டால் அச்செடி தளர்ந்து, வழியற்றுப் போகிறது. எனவே அப்பிழை பரவுவதில்லை. தேவையற்ற மரபணுவிற் பிழை நேர்ந்தால் தடுப்பார் இல்லை. பிழை மேற்பிழை சேர்ந்து, ஈற்றில் ஏடே உதிர்கிறது. உதிர்ந்தபின் வெயிலுக்கு மீள நினைத்தாலும் வழியில்லை.

பசுங்கணிகம் பெரும்பாலும் தாய்வழியே இறங்குவது. 1893-ல் ரிட்லி உலகுக்கு அறிவித்ததும், 1981-ல் சிங்கப்பூரின் தேசிய மலரானதுமான வாண்டா மிஸ் ஜோக்கிம் ஒரு கலப்பினம். அதன் பெற்றோர் இருவருள் தாய் எதுவெனத் தேர, 2011-ல் பசுங்கணிகத்தின் இரு மரபணுக்களையே சாட்சிக்கு அழைத்தனர்.

தாய்வழி வருவது நம்மிடமும் ஒன்றுண்டு. கடல் கடந்து வந்த நம் முன்னோர் மூட்டையில் மறவாது கட்டிவந்த மொழி அது. செடிகள் நமக்குப் பாடம் புகட்டவென்று பூப்பதில்லை என்பதை நாம் அறிவோம். மரபணு வேறு, மொழி வேறு. ஆயினும் வேலையற்றது உதிரும் என்னும் செய்தி நம் நெஞ்சைச் சுடுகிறது. பிள்ளைகள் தாத்தாவிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேடும் இல்லங்களை நாம் கண்டிருக்கிறோம். மேடையிற் புகழ்வதால் மட்டும் மொழி நிலைக்குமோ? கடைக்கணக்கும், கடிதமும், ஊடலும், விளையாட்டும் அதில் நடக்கட்டும். இன்றிரவு உணவுக்கு அமரும்போதே அதற்கு வேலை கொடுப்போமாக.