கியர் இறுகினால் கியர்பாக்ஸ் கெட்டதாகுமா?

மாடம்பாக்கத்தில் எங்களிடம் இருப்பது பழைய ஆட்டோமேட்டிக் கார். அப்பாவுக்கு இடது காலில் பலமில்லை. கிளட்ச் மிதிக்கும் வேலை இல்லை என்றுதான் வாங்கினோம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது முடிச்சூரில் உறவினர் வீட்டு வாசலில் பாதிச் சக்கரம் தண்ணீரில் நின்றது. அடுத்த கோடையில் கியர் லீவர் இறுகிவிட்டது. பட்டறையில், "கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். அந்தச் செலவுக்குக் கறவை மாட்டைத்தான் விற்க வேண்டும்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரை வைத்து முதலில் சோதித்தோம். 'பி'யிலிருந்து எடுக்கும்போது மட்டும் இறுகினால், பிரேக் மிதித்தால் விடுபடும் பூட்டைப் பார்க்க வேண்டும். சரிவில் நிறுத்தியதாலும் அப்படி ஆகும். எங்களுக்கோ எல்லா இடத்திலும் இறுக்கம்.

இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கல் வைத்தோம். கியர்பாக்ஸ் பக்கம் கேபிளைக் கழற்றினார். அங்குள்ள கை லேசாக அசைந்தது. லீவர் அப்போதும் இறுக்கம்தான். பவர் டில்லர் கிளட்ச் கேபிள் போலவே, உறைக்குள் தண்ணீர் இறங்கித் துரு பிடித்திருந்தது. கேபிளை மட்டும் மாற்றினோம். மாடு தொழுவத்திலேயே இருக்கிறது.

கேபிள் மாற்றியபின், 'பி', 'என்' இரண்டில் மட்டுமே வண்டி ஸ்டார்ட் ஆகிறதா என்று பாருங்கள். லீவர் இறுகினால் பலம் கொடுத்து இழுக்காதீர்கள்; கேபிள் அறுந்தால் லீவரை அசைத்தாலும் கியர் மாறாது.