பொடியரிக் கஞ்சிக்கு ஒரு வக்காலத்து

காய்ச்சல் என்றால் இட்லிதான் என்று தமிழ்நாட்டில் யார் சட்டம் போட்டார்களோ! மழைக்காய்ச்சல், இரண்டு நாளாகக் கஞ்சிதான் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சொல்லித் தொலைத்தேன். மதுரையிலிருந்து அக்கா குரல் செய்தி அனுப்பினாள்: "சம்பாதிக்கப் போன எடத்துல கஞ்சி குடிச்சுக்கிட்டா கெடக்க? ரெண்டு இட்லிய அவிச்சுத் தின்னுடா." அதற்கு மாமாவின் கட்டைவிரல் வேறு.

அந்தக் 'கெடக்க'வில் இருந்த இளக்காரம்தான் உறைத்தது. நம் ஊரில் வீட்டில் கஞ்சி காய்ச்சுவது பக்கத்து வீட்டுக்குத் தெரியக்கூடாது. கொச்சியில் வசதியான வீட்டிலும் ராத்திரிக்குக் கஞ்சியும் பயறும் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். விருந்தாளி வந்தாலும் அதையே நீட்டுகிறார்கள்.

நான் இருப்பது கொச்சியின் வெலிங்டன் தீவில். ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டி, அந்த மண்ணைக் கொட்டி எழுப்பிய நிலம். கோடவுனுக்குப் பஞ்சமில்லை, மளிகைக்குத்தான் பாலம் தாண்டி மட்டாஞ்சேரி போகவேண்டும். போனால் சுக்கு வாசனையே பாதிக் காய்ச்சலை இறக்கிவிடும். (மீதிப் பாதிக்கு ஆஸ்பத்திரி. இந்த மழையில் எலிக்காய்ச்சலும் டெங்குவும் சகஜம் என்பதால் ரத்தப் பரிசோதனை முடித்துவிட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.)

பொடியரி என்பது நம் நொய்தான். ஒரு கைப்பிடி நொய், அதுபோல ஏழெட்டு மடங்கு தண்ணீர், தட்டிய சுக்கு ஒரு துண்டு, கொஞ்சம் சீரகம். குக்கர் வேண்டாம், விசிலில் பொங்கி வழிந்து மூடியெல்லாம் பசையாகும். சின்னத் தீயில், அடி பிடிக்காமல் கிளறி, அரிசி குழைந்ததும் உப்பு. தேங்காய்ப்பால் கேட்கும் நாக்கை அடக்கவேண்டும். அது காய்ச்சல் விட்டபிறகு.

சமையல் இவ்வளவுதான். இதற்குப் பின்னால் உள்ள கணக்குதான் என்னை மலையாளிகளுக்கு அடிமையாக்கியது. கேரள வைத்தியர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில், வேகவைத்த அரிசிக்கு நான்கு படிகள் உண்டு. சோறில்லாத தெளிநீர் மண்டம், சில பருக்கை மிதப்பது பேயா, கெட்டியானது விலேபி, கடைசியில் சோறு, ஓதனம். இவற்றில் முன்னது ஒவ்வொன்றும் பின்னதைவிட லேசானது. பசி திரும்பி வர வர ஒவ்வொரு படியாக ஏறவேண்டும். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சேச்சி அந்த நூலின் அட்டையைக்கூடப் பார்த்ததில்லை. முதல் நாள், "வெள்ளம் மாத்ரம் குடிச்சால் மதி" என்றார். மறுநாள் எட்டிப் பார்த்து, "இன்னு கொறச்சு வற்று கூடி ஆவாம்" என்று பருக்கைக்கு அனுமதி கொடுத்தார். மூன்றாம் நாள்தான் சுட்ட அப்பளமும் சிறுபயறுத் தோரனும். நாமோ முதல் வேளையே உளுந்தைப் புளிக்கவைத்து அவித்து நோயாளி முன் வைக்கிறோம். ஆயுர்வேதத்தில் உளுந்து கனமான பண்டங்களின் பட்டியலில் இருக்கிறது. டாக்டரே சொன்னார் என்பாள் அக்கா. அவர் பிரெட்டும்தான் சொல்வார்.

இந்தப் பெருமையை மலையாளிகளே கெடுத்துக்கொள்வதும் நடக்கிறது. கர்க்கடக மாதம் பிறந்தால் சூப்பர்மார்க்கெட் வாசலில் மருந்துக் கஞ்சிப் பெட்டிகள் கோபுரமாக நிற்கும். அறுபது நாளில் விளையும் ஞவரை அரிசி, உலுவா என்கிற வெந்தயம், ஆசாளி, பெயர் தெரியாத பொடி எல்லாம் பளபளப்புக் காகிதத்தில். பாட்டி முற்றத்தில் பறித்த தசபுஷ்ப மூலிகைகள் இப்போது பொட்டலம். வாங்கி வைத்துவிட்டுக் கர்க்கடகம் முழுக்கப் புரோட்டா தின்பவர்களை எனக்குத் தெரியும்.

அந்தக் கர்க்கடகம்தான் நமக்கு ஆடி. இங்கே என் வாய் கொஞ்சம் நீளும். அதே மாதத்தில் மலையாளி கதவைச் சாத்திக்கொண்டு தன் உடம்பைத் தேற்றுகிறான்; நாம் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கூழ் காய்ச்சி, தூக்குவாளியோடு வந்த யாருக்கும் ஊற்றுகிறோம். நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சியும் ஜாதி மதம் கேட்பதில்லை. தெருவுக்கு ஊற்றும்போது கஞ்சி நமக்குக் கௌரவம். வீட்டுக்குள் குடித்தால் மட்டும் ஏன் கேவலம்? அக்காவிடம் கேட்டேன். பதிலுக்கு இட்லிப் படம் வந்தது.

ரசத்தில் மட்டும் நான் இவர்களோடு சமாதானம் ஆவதாக இல்லை. இங்கே ஹோட்டல் ரசம் காயத் தண்ணீர். சளி கட்டிய நெஞ்சுக்கு நம் கண்டந்திப்பிலி ரசம் செய்யும் வேலையை இவர்களின் சுக்குக் காப்பி செய்யாது. சேச்சியின் கஞ்சிக்குக்கூட நான் தொட்டுக்கொண்டது ஊரிலிருந்து வந்த அங்காயப் பொடி. சுண்டைக்காய்க் கசப்பில் முகம் சுளித்து, "இது மருந்தாணோ?" என்றவர், மறுநாள் சின்னக் கிண்ணத்தோடு வந்தார். பாதி ஜாடி போயிற்று. அக்காவிடம் இன்னும் கொஞ்சம் கேட்கவேண்டும். இந்தச் சண்டைக்குப் பிறகு எப்படிக் கேட்பது?