ஒன்றரை லிட்டரில் ஓர் இரவுச் சாப்பாடு

"இந்தத் தடவை ஓட்டலே வேண்டாம்மா. வீட்டையே ஓட்டிக்கிட்டுப் போயிரலாம்" என்றாள் மகள். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் அவளுக்கு வேலை. கோவையிலிருந்து நானும் என் கணவரும் போன ஜனவரியில் அங்கே கோடைக்காலம். நால்வருமாக ஏழு நாள் தெற்குத் தீவைச் சுற்ற ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தார் மாப்பிள்ளை.

உள்ளே நுழைந்ததும் நான் பார்த்தது அடுப்பைத்தான். இரண்டு பர்னர், கைக்குட்டை அகலத்தில் ஒரு தொட்டி, சின்ன ஃப்ரிட்ஜ். அது போதும் எனக்கு. அவருக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். அங்கே சிற்றூர்களில் உணவகங்கள் சீக்கிரமே அடுப்பை அணைத்துவிடுகின்றன என்று மகள் சொல்லியிருந்தாள். சமையலறை கூடவே வந்தால் கவலை இல்லை என்றுதான் இந்த வண்டிக்கே சம்மதித்தேன்.

ஊரிலிருந்து சாம்பார்ப் பொடியும் தக்காளித் தொக்கும் கொண்டு போயிருந்தேன். விமான நிலையத்தில் எதை வைத்திருந்தாலும் படிவத்தில் எழுதிக் காட்டிவிட வேண்டும். மறைத்துப் பிடிபட்டால் நின்ற இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். என் தொக்குப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடியே விட்டார்கள். அரிசி, பருப்பு, பெருங்காயமெல்லாம் கிறைஸ்ட்சர்ச் இந்தியக் கடையிலேயே கிடைத்தன.

முதல் நாள் டெகாப்போ ஏரி. கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். 1935-ல் கட்டிய சின்னக் கல் தேவாலயம் ஒன்று கரையிலேயே இருக்கிறது. பலிபீடத்துக்குப் பின்னால் உள்ள சன்னல் வழியே ஏரியும் மலையும் தெரியும். எல்லோரும் அதைப் பார்க்கப் போயிருந்தபோது நான் சமைத்தேன். சோறு, சாம்பார், கோஸ் பொரியல், ரசம். கடுகும் மிளகாயும் எண்ணெயில் விழுந்த மறுகணம் தலைக்கு மேல் புகை அபாய மணி அலறியது. பக்கத்து வண்டிக்காரர் ஓடி வந்தார். கூரைத் திறப்பைத் தள்ளித் திறந்து, துண்டால் விசிறி ஒருவழியாக அடக்கினோம். அந்தத் திறப்பும் சன்னலும் தாளிப்புக்கு மட்டுமல்ல. சின்ன இடத்தில் கேஸ் எரியும்போது கார்பன் மோனாக்சைடு தேங்கினால் உயிருக்கே ஆபத்து. குளிர்கிறதென்று அடுப்பைப் பற்றவைத்துக் காயக் கூடாது என்று மாப்பிள்ளை இரண்டு முறை சொன்னார்.

நாலு பாத்திரச் சமையல் நன்றாகத்தான் இருந்தது. கழுவியதும் நன்றாகக் கழுவினேன், நம் வீட்டைப் போலவே, குழாயைத் திறந்துவிட்டு. நால்வரும் வண்டிக்குள்ளேயே குளித்தோம். மறுநாள் கிளம்பும்போது அங்கே குழாய் இருந்தும் தொட்டியை நிரப்பிக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நாட்டில் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தித் தூங்கிவிட முடியாது. இலவசமாக நிறுத்த அனுமதிக்கும் பல இடங்களில் சான்று பெற்ற வண்டிகளுக்குத்தான் இடம். தண்ணீர், கழிவுநீர்த் தொட்டி, கழிப்பறை எல்லாம் வண்டியோடே இருக்க வேண்டும். குறைந்தபட்சக் கணக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், மூன்று நாளுக்கு. குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் அதற்குள். இதை மாப்பிள்ளை சொன்னபோது சிரித்தேன். நாலு லிட்டரில் நான் கீரைகூட அலச மாட்டேன்.

அன்று மாலை புகாக்கி ஏரிக்கரையில் அப்படியொரு இடத்தில் நின்றோம். குடிநீர்க் குழாய் கிடையாது. நீலத்தில் பாலைக் கலந்ததுபோல ஒரு நிறம் அந்த ஏரிக்கு. பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துக் கொண்டுவருகின்றன. அந்த மாவு தண்ணீரில் மிதந்து வெயிலைச் சிதறடிப்பதால் வரும் நிறம். ஏரியின் மறுகோடியில், 3,724 மீட்டர் உயர அவோராக்கி, அதாவது மவுண்ட் குக், தலையில் பனியோடு நிற்கிறது. நியூசிலாந்தின் மிக உயரமான சிகரம்.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டோம். தப்பு அங்கேதான். ஜனவரியில் அங்கே ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. "ஏம் புள்ள, இன்னிக்குச் சோறு உண்டா இல்லையா?" என்று அவர் கேட்டபோது மணி எட்டே முக்கால். "இதோ ஆச்சுங்க, ஊசியைப் போட்டுக்குங்க" என்றேன். போட்டுக்கொண்டார். நான் அரிசியை எடுத்துக்கொண்டு குழாயைத் திறந்தேன். பம்ப் உறுமியது. ஒரு சொட்டு வரவில்லை.

எழுபது லிட்டரையும் ஒன்றரை நாளில் தீர்த்திருந்தோம். வண்டியில் மிச்சம், ஒன்றரை லிட்டர் குடிநீர் பாட்டில் ஒன்று. ட்விசல் ஊர் பக்கம்தான். ஆனால் படுக்கையை விரித்து, சாமானெல்லாம் வெளியே பரப்பியாயிற்று. எடுத்துவைத்து, போய், குழாயைத் தேடி நிரப்பிச் சமைக்க எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். "ஏரித் தண்ணியைக் கொதிக்க வெச்சுக்கலாமா அத்தை?" என்றார் மாப்பிள்ளை. பாறை மாவை வடிகட்ட நான் எங்கே போவேன்? கண்ணெதிரே அவ்வளவு பெரிய ஏரி, ஒரு பாத்திரம் சோறாக்கத் தண்ணீர் இல்லை.

அவர் கையைப் பார்த்தேன். லேசான நடுக்கம். நெற்றியில் வேர்வை. மகள் அளவு மாறாமல் மூன்று ஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவைத்தாள். அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். பின்னாலேயே சாப்பாடு போக வேண்டும்.

அப்போது கை தானாகச் செய்தது எங்கள் கொங்குப் பக்கத்து அரிசிபருப்புச் சாதம். விருந்தாளி வந்து நின்றால், மழை பிடித்துக்கொண்டால், தோட்டத்திலிருந்து நேரங்கழித்து வந்தால் என் மாமியார் ஏற்றுவது அதைத்தான். ஊரில் துவரம்பருப்பும் குக்கரும். அங்கே குக்கர் இல்லை. நல்லவேளை, சீக்கிரம் வேகும் மைசூர்ப் பருப்பு ஒரு பாக்கெட் வாங்கியிருந்தேன். ஒன்றரை டம்ளர் அரிசிக்கு அரை டம்ளர் பருப்பு. ஒரே ஒரு முறை, ஒரு டம்ளர் தண்ணீரில் அலசினேன். அந்தத் தண்ணீரையும் கொட்டவில்லை, தட்டுக் கழுவ வைத்துக்கொண்டேன். மூடியுள்ள ஆழமான வாணலியில் எண்ணெய் ஊற்றி, கடுகு, சீரகம், மிளகு, தட்டிய பூண்டு, வெங்காயம், தக்காளி, மஞ்சள், சாம்பார்ப் பொடி எல்லாம் வதக்கி, ஆறு டம்ளர் தண்ணீர். கொதி வந்ததும் அரிசி பருப்பைப் போட்டு மூடிவிட்டேன். சின்ன வெங்காயம் இல்லாத அரிசிபருப்பை என் மாமியார் சாப்பாட்டிலேயே சேர்க்க மாட்டார். மன்னிப்பார்.

இருபது நிமிடத்தில் குழைந்து வந்தது. முதல் தட்டு அவருக்கு. ஆறும்வரை பொறுக்காமல் ஊதி ஊதிச் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் விரலில் குத்திப் பார்த்து, "இப்போ சரியா இருக்குப்பா" என்றதும்தான் எனக்குப் பசித்தது. வெளியே மலை முழுக்க ரோஜா நிறமாகியிருந்தது என்று மாப்பிள்ளை படம் காட்டினார். நான் அதைப் படத்தில்தான் பார்த்தேன்.

மறுநாள் ட்விசல் போய், கழிவுநீரை அதற்கான இடத்தில் வடித்துவிட்டு, நல்ல தண்ணீர் நிரப்பினோம். மவுண்ட் குக் கிராமத்தில் பெரிய மளிகைக் கடை கிடையாது என்பதால் காய்கறியும் அங்கேயே வாங்கிக்கொண்டோம். அதன்பின் ஒரு வேளைக்கு ஒரு வாணலிதான். கோதுமை ரவையில் பீன்ஸ், கேரட், பட்டாணி அள்ளிப் போட்டுக் கிச்சடி. தொக்கைச் சூடாக்கி அதிலேயே முட்டையை உடைத்து ஊற்றி மூடி, ரொட்டியோடு. மதியம் தண்ணீரும் மூடியுமாக டப்பாவில் போட்ட பச்சைப்பயறு ஓடும் வண்டியிலேயே ஊறி, இரவு அந்தத் தண்ணீரோடு வெந்தது. சாப்பிட்டதும் வாணலியைக் காகிதத்தால் அழுத்தித் துடைத்துவிட்டால் கழுவ ஒரு டம்ளர் போதும். எண்ணெயும் பருக்கையும் கழிவுத் தொட்டிக்குள் போய் நாறாது. குழாயைத் திறப்பதா, எவ்வளவு திறப்பதா என்று முடிவு செய்யும் அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடத்தில் முதல் முறையாக அவர் பாத்திரம் கழுவியதும் அங்கேதான்.

ஒயிட் ஹார்ஸ் ஹில் முகாமில் இரண்டு இரவு. ராத்திரி எதிர்மலையில் பனி சரியும் ஓசை தூரத்து இடிபோலக் கேட்கும். காலையில் கியா என்ற பச்சை மலைக்கிளி பக்கத்து வண்டியின் சன்னல் ரப்பரைக் கொத்திப் பிய்த்துக்கொண்டிருந்தது. அதற்குத் தீனி போடக் கூடாது என்கிறார்கள். என் கிச்சடி வாணலியை அது பார்த்த பார்வைக்கு, மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று தொட்டியில் பாதிக்கு மேல் தண்ணீர் மிச்சம் இருந்தது. வாடகைக்காரரிடம் அவரே அளவுகோலைக் காட்டினார். திரும்பி வரும்போது மகளிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "கண்ணு, அதை அவங்க கொட்டிர மாட்டாங்களே?"