பள்ளம் விழுந்த பலகைகள்: எல்ட்ரிட்ஜ் தெரு ஜெப ஆலயம்

நியூயார்க் மன்ஹாட்டனின் எல்ட்ரிட்ஜ் தெருவில், சீனக் கடைகளுக்கு நடுவே ஒரு யூத ஜெப ஆலயம் நிற்கிறது. 1887 செப்டம்பரில், யூதப் புத்தாண்டுக்குச் சற்று முன் திறக்கப்பட்டது. ருஷ்யாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்து இறங்கிய யூதர்கள் அதுவரை வாடகை அறைகளிலும், விலைக்கு வாங்கிய பழைய தேவாலயங்களிலும்தான் கூடி வந்தார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவில் அஸ்திவாரம் முதல் தாங்களே எழுப்பிய முதல் பெரிய ஆலயம் இது. ஹெர்ட்டர் சகோதரர்கள் வடிவமைத்தார்கள். வெளியே மூரிஷ் பாணி வளைவுகள், வட்டச் சாளரம். உள்ளே வண்ணம் தீட்டிய உயர்ந்த கூரை. காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் நெருக்கியடித்து வாழ்ந்தவர்களுக்கு வாரத்தில் ஒருநாளாவது நிமிர்ந்து உட்கார இடம் கிடைத்தது.

வழிபாடு அந்தச் சபையின் வேலைகளில் ஒன்றுதான். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், இறந்தவர்களை முறைப்படி அடக்கம் செய்தார்கள், இல்லாதவர்களுக்கு உணவும் கடனும் கொடுத்தார்கள். ஊர் பேர் தெரியாத நகரத்தில் வந்து நிற்பவனுக்கு இவைதான் முதல் தேவை. சபை வளர்ந்ததற்கு அழகான கட்டடத்தைவிட இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். முதல் தலைவர் சென்டர் ஜார்முலாவ்ஸ்கி, குடியேறிகளுக்குக் கப்பல் டிக்கெட் விற்ற வங்கிக்காரர். அவர் இருந்த அதே கூடத்தில் தள்ளுவண்டி வியாபாரியும் தையல் தொழிலாளியும் உட்கார்ந்தார்கள். பெருநாட்களில் கூட்டத்தைச் சமாளிக்கப் போலீஸ் வரவேண்டியிருந்தது.

அந்தக் கூட்டத்தின் தடயம் தரையில் இருக்கிறது. யூதர்கள் ஜெபிக்கும்போது முன்னும் பின்னும் அசைவது வழக்கம். பல்லாண்டுகள் ஒரே இடத்தில் நின்று அசைந்த கால்கள் பைன் பலகைகளைக் குழித்துவிட்டன. பழுதுபார்த்தபோது இந்தப் பலகைகளை மாற்றாமல் விட்டதைத்தான் அந்தப் பணியின் மிகச் சரியான முடிவு என்பேன். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

1924இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை இறுக்கியது. புதியவர்கள் வருவது ஏறக்குறைய நின்றது. பழையவர்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் புரூக்ளினுக்கும் பிராங்க்ஸுக்கும் குடிபெயர்ந்தார்கள். பிறகு பொருளாதார மந்தம். 1950களில் பெரிய கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மிஞ்சிய சிலர் கீழ்த்தளத்துச் சிறிய அறையில் ஓய்வுநாள் வழிபாட்டை விடாமல் நடத்தினார்கள். மேலே கூரை ஒழுகியது, புறாக்கள் குடியேறின. 1971இல் ஜெரார்ட் வுல்ஃப் என்ற பேராசிரியர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்து பார்த்த பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது.

மீட்புப்பணி 1986 முதல் 2007 வரை நடந்தது. சுமார் 2 கோடி டாலர் செலவானது. சுவரில் ஒரு பகுதியை மட்டும் பூசாமல், சிதைந்தபடியே விட்டிருக்கிறார்கள். கிழக்குப் பக்கத்து வட்டச் சாளரம் முதலில் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பழையதைப் போலப் பாவனை செய்யாமல், கிக்கி ஸ்மித், டெபோரா கான்ஸ் இருவரையும் கொண்டு 2010இல் நீலமும் பொன்னுமாய் நட்சத்திரங்கள் நிறைந்த புதுச் சாளரம் பொருத்தினார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று அது அருங்காட்சியகம். சிறு சபையும் அங்கேயே தொடர்கிறது. பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடியேற்ற வரலாறு சொல்லித் தருகிறார்கள், கச்சேரிகள் நடத்துகிறார்கள். கோடையில் நடக்கும் தெருவிழாவில் யூதர், சீனர், போர்ட்டோரிக்கோக்காரர் என மூன்று சமூகத்தாரின் பலகாரமும் இசையும் ஒன்றுசேர்கின்றன. யூதப் பாட்டிகளும் சீனப் பாட்டிகளும் ஆடிப் பழகிய மாஜாங் ஆட்டமும் அதில் உண்டு.