நாகூர் பயணம்: சென்னையில் இறங்கி மதுரையில் ஏறுவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. இந்தியாவுக்குப் போக யோசிக்கிற நம்மூர்க் குடும்பங்களுக்குப் பிரயோசனப்படும் என்று எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

வருகிற பாடசாலை விடுமுறையில் உம்மாவை நாகூருக்குக் கூட்டிப் போக நிய்யத் வைத்திருக்கிறோம். கையில் இருப்பது ஒன்பது நாள். போக ஓர் இரவு, வர ஓர் இரவு கட்டுநாயக்க பஸ்ஸுக்குப் போய்விடும். இந்தியாவில் நிற்கக் கிடைப்பது ஏழு நாள். அந்த ஏழு நாளுக்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டியல். உம்மாவுக்கு நாகூர். ராத்தாவுக்கு மகளின் கல்யாண உடுப்பு எடுக்க சென்னை தியாகராய நகர். மனைவிக்கு மதுரை. எனக்கு ராமேஸ்வரம், பாம்பன் பாலம். அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து தனுஷ்கோடிக்குக் கப்பல், பிறகு சென்னைக்குக் கோச்சி என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்த ஆசை. 1914இல் தொடங்கிய அந்தப் பாதையை 1964 டிசம்பர் புயல் முடித்து வைத்தது.

முதலில் விசாரித்த குழுப் பயணங்கள் எல்லாம் ஒரே மாதிரி. சென்னையில் இறங்கி, பஸ்ஸில் தெற்கே போய், ஏழெட்டு ஊர் பார்த்து, திரும்பவும் சென்னைக்கே வந்து விமானம் ஏற வேண்டும். மதுரையிலிருந்து சென்னைக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர். பார்த்து முடித்த பாதையில் திரும்பி வருவதற்கே ஒரு பகல் அல்லது ஓர் இரவு. உம்மாவின் முழங்காலுக்கு அது ஆகாது.

கொழும்பிலிருந்து சென்னைக்கு மட்டுமல்ல, திருச்சிக்கும் மதுரைக்கும் விமானம் இருக்கிறது. டிக்கட் போடும்போது 'போய்வர' என்பதைத் தெரிவு செய்யாமல் 'பல நகரம்' என்பதைத் தெரிவு செய்தால், சென்னையில் இறங்கி மதுரையில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கட்டாக எடுக்கலாம். இந்திய மின்விசாவிலும் இதற்குத் தடையில்லை. குறிக்கப்பட்ட நுழைவிடங்கள் வழியாகத்தான் உள்ளே போகலாம், சென்னை விமான நிலையம் அதில் ஒன்று. வெளியேறுவது அனுமதிக்கப்பட்ட எந்தக் குடிவரவுச் சாவடி வழியாகவும் இருக்கலாம். நாகூர் மட்டும்தான் நோக்கம் என்பவர்கள் திருச்சியிலேயே இறங்கலாம், சென்னை தேவையே இல்லை.

அடுத்தது ஊர்களைக் குறைப்பது. ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் பெட்டி கட்டி, ஸ்டேஷனுக்குப் போய், காத்திருந்து, புதிய அறை தேடுவதில் அரை நாள் போகிறது. ஆறு ஊர் என்றால் ஏழு நாளில் பெரும்பகுதி நடைமேடையில்தான். ஆகவே மூன்று ஊர் என்று முடிவெடுத்தோம். முதலில் வெட்டுப்பட்டது என் பாம்பன் பாலம். இப்போது திட்டம் இதுதான். முதல் இரவு சென்னை. மறுநாள் உடுப்பு எடுத்துவிட்டு, அன்றிரவு காரைக்கால் போகும் ரயிலில் ஏறினால் அது நாகப்பட்டினம், நாகூர் வழியாகப் போகும். நாகூரில் இரண்டு இரவு. ஐந்தாம் நாள் பகலில் திருச்சி போய், ரயில் மாறி மதுரை. அங்கே இரண்டு இரவு, ஏழாம் நாள் விமானம். இரவு ரயிலில் தூங்கினால் ஓர் அறை வாடகையும் மிச்சம், ஒரு பகலும் மிச்சம்.

நம்மூருக்குக் கோச்சிப் பாதை இல்லை, மட்டக்களப்போடு நின்றுவிட்டது. அதனால் இந்திய ரயில் டிக்கட் நம்மவர்களுக்குப் புதுசு. தெரிந்துகொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். முன்பதிவு பயணத்துக்கு 60 நாளுக்கு முன் திறக்கும். முன்பு 120 நாள், 2024 நவம்பரில் குறைத்தார்கள். 'டபிள்யூ.எல்.' என்றால் காத்திருப்போர் பட்டியல். இணையத்தில் எடுத்த அந்த டிக்கட் கடைசிவரை உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகும், அதை நம்பி ஸ்டேஷனுக்குப் போகக் கூடாது. 'ஆர்.ஏ.சி.' என்றால் ஏறலாம், ஆனால் ஒரு படுக்கையை இரண்டு பேர் பங்குபோட்டு உட்கார நேரலாம். 45 வயது கடந்த பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு ஒன்று இருக்கிறது. அது தனியாகவோ, அந்தத் தகுதியுள்ள இரண்டு பேராகவோ பதிந்தால்தான். குடும்பம் முழுவதையும் ஒரே டிக்கட்டில் போட்டால் அந்த ஒதுக்கீட்டில் கிடைக்காது. ஆகவே உம்மாவின் டிக்கட்டைத் தனியாகப் போடுகிறோம்.

இனி, இந்தப் பயணம் ஏன் என்ற விஷயம்.

2004 டிசம்பர் 26இல் என் தம்பிக்கு ஆறு வயது. கடல் வந்த பிறகு இரண்டு நாள் அவனைக் காணவில்லை. பள்ளிகளிலும் பாடசாலைகளிலும் ஜனாஸாக்களைப் பார்த்துப் பார்த்து வாப்பா ஓய்ந்துபோனார். அந்த இரவில்தான் உம்மா நேத்திக்கடன் வைத்தார். பிள்ளை கிடைத்தால் நாகூருக்கு வருகிறேன் என்று. தம்பி சம்மாந்துறையில் ஒரு பாடசாலையில் இருந்தான், யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ். அதன் பிறகு வீடு கட்டுவது, ராத்தாவின் கல்யாணம், வாப்பாவின் வருத்தம் என்று கடன் கடனாகவே இருந்தது. ஒவ்வொரு வருடமும் கடற்கரைப் பள்ளியில் கொடியேறும்போது உம்மா அதைச் சொல்வார்.

தர்காவுக்குப் போவதில் நம்மூரில் இரண்டு கருத்து இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள்ளேயும் இருக்கிறது. கூடாது என்பவன் அதே தம்பிதான். இப்போது கட்டாரில் வேலை. "உம்மா, நேத்தி அல்லாஹ்வுக்கு மட்டும்தான்" என்று போனில் பல மாதம் விளங்கப்படுத்தினான். உம்மா ஒருநாள் சொன்னார்: "மனெ, நான் கேட்டதும் அல்லாஹ்விடம்தான், தந்ததும் அவன்தான். வாறேன் என்று சொன்ன வார்த்தை மட்டும் என்ட. அத வெச்சுக்கிட்டு மவுத்தாகேலாது."

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவனது கருத்து மாறவில்லை, மாற வேண்டும் என்று நாங்கள் கேட்கவும் இல்லை. ஆனால் இரண்டு நாள் கழித்து, உம்மாவுக்குக் குளிரூட்டிய பெட்டியில் போட வேண்டும் என்று பணம் அனுப்பினான். லீவு கிடைத்தால் நேரே மதுரைக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறான். இந்தப் பதிவுக்குக் கீழே அந்த விவாதம் வேண்டாம், உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே குடும்பத்தில் இரண்டு கருத்தோடும் ஒரு பயணத்தைத் திட்டமிட முடிகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

போக நினைப்பவர்கள் டிக்கட்டுக்கு முன் கடவுச்சீட்டைப் பாருங்கள், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ரயிலிலும் அதன் மூலப்பிரதி கையில் இருக்கட்டும். அரச ஆசிரியர்கள் விடுமுறைக் காலமானாலும் வெளிநாடு செல்ல முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும், அந்தக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் எந்த ஊரை விடுவது என்று முதலில் முடிவெடுங்கள், எதைப் பார்ப்பது என்பது தானாக விளங்கும்.

உம்மாவின் ஆரோக்கியத்துக்கு துஆச் செய்யுங்கள்.